நாய்வீட்டு உபகுழு

பிரேக் அக்கா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அவள் அனுமதி கேட்டாள்.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டிரைவிங் ஸ்கூலில் அவளிடம் கார் ஓட்டப் பழகிய பாதி ஊருக்கு அவள் பிரேக் அக்காதான். பழகுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கைச் சமயம் பார்த்து மிதித்து எத்தனையோ சுவர்களையும் சில மனிதர்களையும் காப்பாற்றியவள். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட, திரையில் ஒரு வண்டி வேகமாக வந்தால் அவள் கால் தானாகத் தரையை அழுத்தும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போனது கீழே வர வேண்டும், கீழே வந்தது மேலே போக வேண்டும், நடுவில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவருடைய வாழ்க்கைத் தத்துவம். அதனால் அவர் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை.

அனுமதி கேட்டது மேஸ்திரிக்காக. மேஸ்திரி ஒரு நாய். இந்த வரிசை வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அது மணல் குவியலின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, தான் ஒரு துரும்பையும் நகர்த்தாமல், மற்றவர்கள் வேலை செய்வதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததாம். கொத்தனார்கள் வைத்த பெயர் அது. வேலை முடிந்து அவர்கள் கிளம்பிப் போனார்கள். மேஸ்திரி போகவில்லை. தன் மேற்பார்வையில் கட்டிய வீடுகள் என்ற உரிமையோடு இங்கேயே தங்கிவிட்டது. பிரேக் அக்கா குடிவந்த அன்றைக்கு அவளுடைய பயிற்சிக் காருக்கு அடியில் போய்ப் படுத்தது. அன்றிலிருந்து அதுதான் அதன் படுக்கையறை.

வீட்டுக்குள் அழைத்தால் வரும், பிஸ்கட் தின்னும், வாலை ஆட்டும். கதவைச் சாத்தினால் போதும், யாரோ செத்துப்போன மாதிரி ஊளையிட ஆரம்பித்துவிடும். வெளியிலேயே பிறந்து வெளியிலேயே வளர்ந்த உயிர். இப்போது வயதாகிவிட்டது. பின்னங்கால் இரண்டும் எழுந்திருக்க யோசிக்கின்றன. போன மழைக்காலத்தில் காருக்கு அடியில் தண்ணீர் ஓட, அந்த ஈரத்திலேயே படுத்துக் கிடந்து நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமித் தரையோடு தரையாகப் போய்விட்டது. கால்நடை மருத்துவர் ஊசி மேல் ஊசியாகப் போட்டுத்தான் எழுப்பினார். எழுப்பியவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்த வருஷமும் ஈரத்துல படுத்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. மழைக்கு முன்னாடி வெளியிலேயே ஒரு காய்ஞ்ச இடம் பண்ணிக் குடுத்துடுங்க” என்றார்.

எப்படிப்பட்ட இடம் என்பதையும் அவரே சொன்னார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரப்பலகை. சரிவான கூரை. வாசல் மழைக்காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ரொம்பப் பெரிதாக இருக்கக் கூடாது. அதன் உடம்புச் சூட்டிலேயே உள்ளே கதகதப்பு வர வேண்டும். பிரேக் அக்கா இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள்.

ஒரு கடையில் பிளாஸ்டிக் வீடு காட்டினார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. வெயிலில் வைத்திருந்த அதற்குள் கையை விட்டவள் சூடு தாங்காமல் வெளியே இழுத்துக்கொண்டாள். இன்னொரு கடையில் கம்பி போட்ட கூண்டு. அதைப் பார்த்தாலே ஏதோ குற்றம் செய்துவிட்டோமோ என்று தோன்றியது. மூன்றாவது கடையில் ஜன்னல், ஜன்னலுக்குத் திரை, கூரைமேல் புகைபோக்கி, வாசலில் அழைப்புமணி. “வர்றவங்க எல்லாம் பாத்து அசந்துபோவாங்க மேடம்” என்றான் கடைக்காரன். நாய்க்குப் பிடிக்குமா என்று கேட்டாள். இதுவரைக்கும் எந்த நாயும் வந்து புகார் சொன்னதில்லை என்றான்.

கடைசியில் ஊருக்கு வெளியே மரச்சாமான் கடை ஒன்றில், ஒரு மூலையில் பெயின்ட்கூட அடிக்காமல் கிடந்தது அவள் தேடியது. கட்டைக் கால்கள், சரிந்த கூரை, ஒரு ஓரமாக வாசல். மேஸ்திரியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினாள். அது மோந்து பார்த்தது, உள்ளே போனது, ஒரு சுற்றுச் சுற்றியது, வாசலில் மூக்கை வைத்துப் படுத்துவிட்டது. வெளியே வர மறுத்தது. பிஸ்கட்டைக் காட்டி லஞ்சம் கொடுத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. அன்றைக்கே பயிற்சிக் காரின் தலையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. கணவர்தான், “எதுக்கும் சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுடலாமே” என்றார். குடியிருப்போர் நல்வாழ்வுச் சங்கத்தின் விதிகளில், கூரை உள்ள எதை வைத்தாலும் அனுமதி வாங்க வேண்டும் என்று எங்கோ ஓர் இடத்தில் இருக்கிறதாம். அவரை யாரும் கேட்கவில்லை, அவராகவே ஞாபகப்படுத்தினார். சரி, கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று பிரேக் அக்காவும் அந்த மாதக் கூட்டத்துக்குப் போனாள்.

சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று யாராவது சொன்னால், இருட்டைப் பற்றி ஆராய ஒரு குழு போடுவார்கள். ஒரு தடவை குப்பை வண்டி வராதபோது, குப்பை எதுவென்று தீர்மானிக்கும்வரை யாரும் குப்பை போட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தலைவர் ஒரு பெரிய அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி அங்கேயே நின்றுவிட்டது. உட்கார்ந்திருந்த தோரணை மட்டும் அவரோடு வந்துவிட்டது. செயலாளர் அவர் சொல்வதையே கொஞ்சம் சுற்றி வளைத்துத் திரும்பச் சொல்கிறவர். அதற்குத்தான் அவரைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

பிரேக் அக்கா எழுந்து, தன் வீட்டு முன்னால் நாய்க்கு ஒரு சின்ன வீடு வைக்க வேண்டும், மழை வருகிறது, நாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவளுக்கு நம்பிக்கை வந்தது. பிறகு செயலாளர் எழுந்தார். கூரை இருந்தால் அது வீடு என்றார். வீடு என்றால் அதற்குக் கதவிலக்கம் வேண்டும். கதவிலக்கம் வந்துவிட்டால் அதில் குடியிருப்பவர் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினர் தொடர்ந்து கூட்டத்துக்கு வராவிட்டால் நீக்க விதி இருக்கிறது. நீக்கப்பட்டவர் குடியிருக்க முடியாது. ஆகவே நாயின் எதிர்கால நன்மையைக் கருதித்தான் இதை நிதானமாக அணுக வேண்டும் என்று முடித்தார். சிலர் கைதட்டினார்கள்.

அது கதவே இல்லாத வீடு, வெறும் வாசல்தான் என்று பிரேக் அக்கா சொல்லிப் பார்த்தாள். கதவில்லாத வீட்டுக்குக் கதவிலக்கம் எங்கே எழுதுவது என்பது புதுச் சிக்கலாகிவிட்டது. அதைப் பற்றியே நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் தலைவர் கையை உயர்த்தினார்.

“அம்மா, நாங்க நாய்க்கு எதிரி இல்ல. இந்தச் சங்கம் யாருக்குமே எதிரி இல்ல, யாருக்கும் ஆதரவும் இல்ல. நீங்க மழை வருதுன்னு சொல்றீங்க. மழை வருஷா வருஷம் வரும். அதுக்காக நாங்க அவசரப்பட்டா, அவசரப்பட்டா எல்லாம் நடக்கும்னு ஜனங்க நினைச்சுடுவாங்க. ஒரு கஷ்டத்தை உடனே தீர்த்துட்டா அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்கு? யோசிச்சுப் பாருங்க.”

பிரேக் அக்கா யோசித்துப் பார்த்தாள். எதுக்கு என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அன்றைய கூட்டத்தில் நாய்வீட்டு உபகுழு பிறந்தது. தலைவராக ஒரு பொறியாளரை நியமித்தார்கள். அவருக்கு நாயைக் கண்டாலே குலை நடுங்கும். எந்த நாய்க்கும் சாதகமாக நடந்துகொள்ள மாட்டார் என்பதால் அவரே பொருத்தமானவர் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

மறுநாளே செயலாளர் இரண்டு ஆட்களோடு வந்து மரவீட்டைத் தூக்கிக்கொண்டு போனார். முடிவு தெரியும்வரை அது சங்க அலுவலகத்தில் பத்திரமாக இருக்குமாம். தன் காசில் வாங்கின பொருளை எதற்குத் தூக்குகிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, “தூக்கலைங்க, பாதுகாக்கறோம்” என்றார். கணவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மேஸ்திரி ஆட்களுக்குப் பின்னாலேயே அலுவலக வாசல்வரை நொண்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதைத் திரும்பக் கூட்டி வருவதற்குள் பிரேக் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

உபகுழு சும்மா இருக்கவில்லை. அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று ஆராயப் போனவர்கள், குடியிருப்பு முழுமைக்கும் பொதுவாக ஒரு மாதிரி நாய்வீட்டைத் தாங்களே கட்டிக் காட்டுவது என்ற முடிவோடு திரும்பி வந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் அதேபோல் வைத்துக்கொள்ளலாம். அதுவரை யாரும் வைக்கக் கூடாது. முதல் வேலை, நாயை அளப்பது. மேஸ்திரியை அளக்க வாருங்கள் என்று பிரேக் அக்கா கூப்பிட்டாள். பொறியாளர் தெருவின் அந்தக் கோடியில் நின்றபடியே மறுத்துவிட்டார்.

“உங்க நாய் இதுல சம்பந்தப்பட்ட கட்சிங்க. அதை அளந்தா பாரபட்சம்னு நாளைக்கு யாராவது பேசுவாங்க.”

ஆகவே இதில் சம்பந்தமே இல்லாத இரண்டு நாய்களை அளந்தார்கள். ஒன்று தலைவர் வீட்டு நாய், பெயர் கர்னல். எழுந்து நின்றால் தலைவருடைய தோளில் கை போடும். மற்றது செயலாளர் வீட்டுப் பஞ்சு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். இரண்டும் ஏர்கண்டிஷன் அறையில், மெத்தையில் தூங்குகிறவை. நாய்வீடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே இரண்டுக்கும் தெரியாது.

இரண்டு அளவில் எதை எடுப்பது என்பதில் தலைவருக்கும் செயலாளருக்கும் மனக்கசப்பு வரும்போல இருந்தது. சங்கத்தில் மனக்கசப்புக்கு இடமில்லை. எந்தத் தகராறு வந்தாலும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்துவிடுவது அங்கே பழக்கம். தோட்டத்துக்கு மாமரமா வேப்பமரமா என்று ஒரு தடவை சண்டை வந்தபோது, மாங்கன்றுக்குக் குழி வெட்டி அதில் வேப்பங்கன்றை வைத்தார்கள்; அது ஆழத்தில் மூச்சு முட்டிச் செத்தது. இதிலும் அப்படியே. வீட்டின் உயரம், அகலம், நீளம் எல்லாம் கர்னலின் அளவு. வாசல் மட்டும் பஞ்சுவின் அளவு. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்த வாசல் வழியாகக் கர்னல் போக முடியாது, அவ்வளவு பெரிய மண்டபத்துக்குள் பஞ்சு போனால் பயத்திலேயே செத்துவிடும் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் பொறியாளர். அவர் இரண்டு நாய்களையும் கண்ணை மூடிக்கொண்டு அளந்திருந்தார்.

பிரேக் அக்கா சொன்னாள். வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போய் நின்று, வாசல் பத்தாது, தரைக்கு டைல்ஸ் போட்டால் குளிரும், வழுக்கும், கூரை தட்டையாக இருந்தால் தண்ணீர் நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். நல்ல யோசனைகள் என்று பாராட்டினார். கட்டி முடித்த பிறகு யோசனைகளை வரவேற்கக் கூட்டம் போடும்போது மறக்காமல் வந்து சொல்லச் சொன்னார்.

வாசல் எந்தப் பக்கம் என்ற கேள்வி அடுத்து வந்தது. மழைக்காற்று கேட் பக்கத்திலிருந்துதான் அடிக்கும் என்று அங்கே குடியிருக்கிற குழந்தைக்கும் தெரியும். தலைவர் வாசலைக் கேட்டைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்றார். வெளியிலிருந்து வருகிறவர்கள் உள்ளே நுழைந்தவுடன், இந்தக் குடியிருப்பில் ஒரு நாய் எவ்வளவு நன்றாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டாமா? நாய்க்குப் பின்பக்கம் வாசல் வைத்தால் அது யாருக்குத் தெரியும்?

இப்படியாகச் சிமென்ட்டில் வீடு எழும்பியது. ஏறிப் போக மூன்று படிகள். படிக்கு இரண்டு பக்கமும் பளபளவென்று கைப்பிடிக் கம்பி. நெற்றியில் கல்வெட்டு. உபகுழுவில் ஒருவர் பெயர்கூட விடுபடக் கூடாது என்பதால் கல்வெட்டு வாசலைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக வந்தது. வீட்டைக் கட்டி, ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி, திறப்பு விழா நடக்கும்வரை எந்த நாயும் உபயோகிக்கக் கூடாது என்று எழுதி மாட்டினார்கள். நாயின் பார்வைக்குத் தெரியும் உயரத்தில் மாட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் கிடைக்கவில்லை. நாய்வீடு என்றதும் கூப்பிட்டவர்களெல்லாம் தொலைபேசியிலேயே சிரித்துவிட்டார்கள். விழா தள்ளித் தள்ளிப் போனது. வானம் காத்திருக்கவில்லை. மேகம் கட்ட ஆரம்பித்தது, சாயங்காலங்களில் தூறல் விழுந்தது. மேஸ்திரி காருக்கு அடியிலேயே படுத்து, பழைய இருமலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பிரேக் அக்கா ஈரத் தரையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி அதைத் தடவி, அது மூச்சு விடுகிறதா என்று பார்ப்பாள். வயிறு ஏறி இறங்குவது தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ஊருக்கெல்லாம் பிரேக் போடுகிறவள், தன் வண்டியை எடுக்கும் முன் இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள்.

மரவீட்டையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கச் சங்க அலுவலகத்துக்குப் போனாள். அதன் சரிந்த கூரைமேல் டீ பிளாஸ்க் சாய்ந்து நின்றது. உள்ளே செயலாளரின் பழைய செருப்பும், யாரோ மறந்துவிட்டுப் போன குடையும், சுருட்டிய பேனர்களும். செயலாளர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

“திருப்பித் தரணும்னா, அது எங்ககிட்ட இருக்குன்னு முதல்ல தீர்மானம் போடணுங்க. நாங்க எடுத்துட்டு வந்தப்போ அவசரத்துல தீர்மானம் போடலை. சங்கத்தைப் பொறுத்தவரைக்கும் அப்படி ஒரு பொருள் இங்க இல்ல.”

“அந்த இல்லாத பொருள்மேலதான் பிளாஸ்க் இருக்கு” என்றாள் பிரேக் அக்கா. அவர் பிளாஸ்க்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவள் வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கணவரிடம், இனிமேல் யாரிடமும் எதையும் கேட்பதாக இல்லை என்று சொன்னாள். அவர் வழக்கம்போல, கொஞ்சம் பொறு, விழா முடியட்டும் என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஸ்பேனரைத் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார்.

விழா ஒருவழியாக நடந்தது. சிறப்பு விருந்தினராகத் தலைவரே ஒப்புக்கொண்டார். தலைமை வகித்தவரும் அவர்தான் என்பதால், முதலில் எழுந்து சிறப்பு விருந்தினரைப் பற்றிப் பாராட்டிப் பேசிவிட்டு, உட்கார்ந்து, திரும்ப எழுந்து, தன்னைப் பற்றித் தலைவர் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி சொன்னார். பந்தலுக்கு மேல் மழை விழ ஆரம்பித்திருந்தது. பிரேக் அக்கா மேஸ்திரியை ஒரு துண்டால் போர்த்திப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். முன்வரிசையில் அவளை நிறுத்தியிருந்தார்கள், பயனாளி என்று.

“கேக்கறவங்களுக்கு உடனே குடுத்துட்டா அருமை தெரியாது” என்றார் தலைவர், மழைச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தி. “அதனாலதான் இந்தச் சங்கம் இதுவரைக்கும் யாருக்கும் எதையும் உடனே குடுத்ததில்ல. பல பேருக்குக் குடுத்ததே இல்ல. அதை நான் பெருமையாவே சொல்லுவேன். இந்த வீட்டைக் கட்டின குழுவுல நாயைப் பத்தித் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூடக் கிடையாது. தெரிஞ்சவங்க இருந்திருந்தா அவங்க சொல்றதைக் கேக்க வேண்டி வந்திருக்கும். நாங்க யாரையும் கேக்காம, எல்லாருக்காகவும் முடிவு பண்ணினோம். இதுக்குப் பேருதாங்க ஜனநாயகம்.”

நாடா வெட்டப்பட்டது. பயனாளி உள்ளே போக வேண்டிய கட்டம். மேஸ்திரி முதல் படியில் காலை வைத்தது. டைல்ஸ் ஈரத்தில் வழுக்கியது. கைப்பிடிக் கம்பி அதற்கு உதவவில்லை. பிரேக் அக்கா பின்னங்கால்களைத் தாங்கி ஏற்றிவிட்டாள். அது வாசலில் தலையை நுழைத்தது. தலை போனது. தோள் போகவில்லை. கேட் பக்கத்திலிருந்து அடித்த சாரல் அப்படியே அதன் முதுகில் விழுந்து, வாசலுக்குள் புகுந்து, உள்ளே டைல்ஸின்மேல் தேங்கியது. மேஸ்திரி தலையை வெளியே எடுத்து இருமியது. நெஞ்சு பிளந்துவிடும்போல இருமியது.

செயலாளர் பொறியாளரைப் பார்த்தார், பொறியாளர் கல்வெட்டைப் பார்த்தார். வீட்டில் குறை எதுவும் இல்லை, உபகுழு சொன்ன அளவில் இம்மி பிசகாமல் கட்டப்பட்டிருக்கிறது என்று பொறியாளர் பத்தடி தூரத்திலிருந்து விளக்கினார். அப்படியென்றால் குறை நாயில்தான் இருக்க வேண்டும் என்று செயலாளர் சொன்னார். தலைவர் கண்ணை மூடி யோசித்து, ஒரே போடாகப் போட்டார். இந்த வீட்டுக்குப் பொருத்தமான நாய் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் புதிதாக ஓர் உபகுழு.

கைதட்டல் அடங்குவதற்குள் பிரேக் அக்கா அங்கே இல்லை. மேஸ்திரியைத் தூக்கிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே நேராகச் சங்க அலுவலகத்துக்கு நடந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. பிளாஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தாள். செருப்பையும் குடையையும் பேனரையும் வாரி நாற்காலியில் போட்டாள். தலைவரின் நாற்காலி அது. மரவீட்டின் காலைப் பிடித்து இழுத்தாள். அது கனத்தது. வாசற்படியைத் தாண்டும்போது பெரிய சத்தம் கேட்டது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செயலாளர் ஓடி வந்தார். அனுமதியில்லாமல் சங்கத்துப் பொருளை எடுக்கக் கூடாது என்றார்.

“இப்படி ஒரு பொருள் இங்க இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? இல்லாததை எடுத்துட்டுப் போறேன், தள்ளுங்க.”

அவர் தள்ளி நின்றார். அவள் தெருவோடு இழுத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் சுமை சட்டென்று லேசானது. திரும்பிப் பார்த்தால் மறுமுனையைக் கணவர் பிடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவர் முகம் பயத்தில் வெளுத்திருந்தது. கை விடவில்லை.

காரை நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரோரமாக, கேட் பக்கம் முதுகைக் காட்டி வைத்தார்கள். ஆடாமல் இருக்கக் காலுக்குச் செங்கல் வேண்டியிருந்தது. மாதிரி வீடு கட்டிய மிச்சச் செங்கலைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். கணவர் போய்த் தார்ப்பாயை விலக்கித் தாமாகவே எடுத்து வந்தார். பிரேக் அக்கா உள்ளே ஒரு கோணிப்பையை விரித்து, அதன்மேல் தன் பழைய கம்பளியைப் போட்டாள். எதிர்வீட்டு அம்மா மேஸ்திரியைக் கொண்டுவந்து இறக்கினாள். அது உதறிக்கொண்டது. யாரும் அழைக்கவில்லை. தானே உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி, படுத்துக்கொண்டது.

அதற்குள் விழாவே இடம் மாறி அங்கே வந்துவிட்டது. குடையும் கையுமாகச் சுற்றி நின்றார்கள். தலைவர் முன்னால் வந்து, இது அனுமதியில்லாத கட்டடம், இந்த நிமிஷமே அகற்றப்பட வேண்டும் என்று அறிவித்தார்.

“அகத்துங்க” என்றாள் பிரேக் அக்கா. வீட்டுக்கு முன்னால் ஈரத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “உள்ள ஒரு உயிர் இருமிட்டு இருக்கு. உங்க கையால அதை வெளிய இழுத்துப் போட்டுட்டு, இதைத் தூக்கிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன். யாரு செய்யறீங்க? முன்னாடி வாங்க.”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். அகற்றுவதற்குத் தீர்மானம் வேண்டும் என்றார் செயலாளர். தீர்மானம் போடக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். தலைவர் பொறியாளரைப் பார்த்தார். உள்ளே நாய் இருக்கிறது என்றார் பொறியாளர், இன்னும் நாலடி பின்வாங்கி. கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் நாயைப் பார்த்தது. இத்தனை வருஷமாக எதையும் கையால் தொட்டுச் செய்து பழக்கமில்லாத சங்கத்துக்கு, இடிப்பதற்கும் ஒரு கை தேவைப்படும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கே அத்தனை பேர் நின்றார்கள், ஒரு கைகூட நீளவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் குடையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

அடுத்த வாரத்திலேயே எதிர்வீட்டு அம்மா அனுமதி கேட்காமல் துணி காயப்போட ஒரு தகரக் கொட்டகை போட்டாள். கோடி வீட்டுக்காரர் சைக்கிளுக்குக் கூரை வைத்தார். யாரோ தெருவிளக்குக்குத் தானே பல்பு வாங்கி மாட்டிவிட்டார்கள். மாதக் கூட்டத்துக்கு அனுமதி கேட்க யாரும் வரவில்லை. மறுத்து அனுப்ப ஆளில்லாமல் தலைவரும் செயலாளரும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மழைநாள் சாயங்காலம் தலைவர் தனியாக வந்தார். பிரேக் அக்கா மேஸ்திரிக்கு மருந்தைப் பிஸ்கட்டில் பொதிந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். இருமல் அடங்கியிருந்தது. அவர் குடையைச் சாய்த்துப் பிடித்து மரவீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நாய் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்றாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒரே ஒரு தடவை கேட்டுடுங்கம்மா. எழுதிக்கூடத் தர வேண்டாம், வாயால கேட்டாப் போதும். இங்கேயே, இப்பவே குடுத்துடுறேன். நீங்க கேக்காம இருந்தா, கேக்காமலே எல்லாம் நடக்கும்னு ஆயிடுதும்மா. அப்புறம் நாங்க எதுக்கு?”

முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்துக்கு அவள் இரங்கவில்லை. ஈரத் தரையில் குப்புறப் படுத்து, ஒரு வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்த காலைகள் அவளுக்கு மறக்கவில்லை.

“கேட்டதுதாங்க நான் பண்ணின தப்பு” என்றாள். “இனிமே கேக்க மாட்டேன்.”

தலைவர் திரும்பினார். காற்று கேட் பக்கமிருந்து அடித்து அவர் குடையைப் பின்னால் புரட்டியது. அவர் நனைந்துகொண்டே போனார். பிரேக் அக்கா கையை உள்ளே விட்டுக் கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.